சுவருக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு

காலை பதினோரு மணிக்குச் சுவர் பேசியது. "தில்லைநாயகி அவர்கள் மறைந்து இன்றோடு ஓராண்டு. அவர் உள்ளே வைத்து, அதன்பின் யாரும் நினைக்காத பொருட்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. மாலை நான்கு மணிக்குக் கரைக்கப்படும்."

அவளுடைய கணவர் பரஞ்சோதி காபியை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார்.

அந்தச் சமையலறையில் இருப்பது ஒரே ஒரு வெள்ளைச் சுவர்தான். அலமாரி இல்லை, கைப்பிடி இல்லை. எதிரே நின்று ஒரு பொருளை மனத்தில் பார்க்க வேண்டும். எண்ணச்சுவர் மூளையலைகளைப் படித்து அதை வெளியே நீட்டும். கோவையில் இப்போது எல்லா வீடுகளிலும் இதுதான். ஏழு வருடங்களுக்கு முன் பழைய சமையலறையை இடித்துவிட்டு இதைக் கட்டச் சொன்னது பரஞ்சோதிதான். டப்பாக்களும் கரண்டிகளும் கண்ணை உறுத்துகின்றன என்றார். தில்லைநாயகி எல்லாவற்றையும் உள்ளே அடுக்கினாள்.

அவள் புடவைகளைப் பதினாறாம் நாளே கொடுத்தாயிற்று. அவளுடையது என்று மிச்சமிருப்பது சுவருக்குள்தான்.

சுவரைக் கட்டிய நிறுவனத்தை அழைத்தார்.

"ஒரு வருஷமா யாரும் நினைக்காததைத் தானாக் கரைக்கிற வசதி நீங்க கேட்டு வாங்கினதுதாங்க சார். நிறுத்த ஒரு வாரம் ஆகும்."

"உடைச்சு எடுத்துட்டா?"

"உடைச்சா மொத்தமும் அப்பவே கரைஞ்சிருங்க."

மகள் பொன்மணி ஓசூரிலிருந்து திரையில் வந்தாள். வீட்டில் வசிப்பவரின் மூளையை மட்டுமே சுவர் படிக்கும். அவள் சொல்லலாம், நினைக்க வேண்டியவர் அவர்.

"முறுக்கு அச்சு ஒண்ணாவது எடுத்துக் குடுங்கப்பா. அம்மா கைபட்டது எங்கிட்ட எதுவுமே இல்லை."

நினைத்தார். "தெளிவாக நினையுங்கள்" என்றது சுவர்.

"அது எப்படி இருக்கும் கண்ணு?"

"நாப்பது வருஷமா முறுக்குத் தின்னீங்கல்ல?"

"முறுக்கைத்தானே தின்னேன்."

"பித்தளைங்கப்பா. ரெண்டு பக்கமும் கைப்பிடி, ஒண்ணு வளைஞ்சிருக்கும்."

கண்ணை மூடினார். தட்டு நிறைய முறுக்குகள் தெரிந்தன. சுவர் அசையவில்லை.

தாளிக்கும் கரண்டி, பருப்பு மத்து, புளி ஜாடி. அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவர் மனத்தில் விளம்பரங்களில் பார்த்த கரண்டியும் கடையில் பார்த்த ஜாடியும் வந்து போயின. மூன்றரை மணிக்கு அவருடைய சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"ஒரு நாளாவது சமையக்கட்டுக்குள்ள எட்டிப் பாத்திருக்கீங்களா?" என்றாள் பொன்மணி.

"உங்கம்மா கூப்பிட்டதே இல்லையே, கண்ணு."

திரை அணைந்தது.

நான்கு மணிக்குச் சுவருக்குள் தண்ணீர் ஓடுவதுபோல் ஒரு சத்தம் கேட்டு அடங்கியது.

"வாழ்த்துகள். உங்கள் சமையலறை இப்போது முழுமையாக எளிமையாகிவிட்டது."

பரஞ்சோதி அங்கேயே நின்றார். இதே இடத்தில் நின்று சமைத்த தில்லைநாயகியை ஒருமுறை பார்த்துவிட நினைத்தார். கூடத்துக்குக் காபி டம்ளரை நீட்டும் ஒரு கை மட்டும் மனத்தில் வந்தது. அதில் எத்தனை வளையல் என்றுகூடத் தெரியவில்லை.

"தெளிவாக நினையுங்கள்" என்றது சுவர்.