துக்க வீட்டிலிருந்து வரும் வழி

பேக்கரிக்காரப் பெண் இரண்டு கோப்பைக் காப்பியை வைத்துவிட்டுப் போனாள். லிகாயா கேட்டது ஒன்றுதான்.

"தங்கச்சி, நான் ஒண்ணுதானே சொன்னேன்?"

"அவருக்கு வேணாமாக்கா?" என்றபடி திரும்பியவளின் முகம் மாறியது. "யாரோ கூட உக்காந்த மாதிரி இருந்துச்சு."

எதிர் நாற்காலி காலி. அதன் அடியில் சிமெண்டுத் தரையில் மட்டும் இரண்டு வெறுங்கால்களின் ஈரம், விரல் விரலாகத் தெரிந்தது.

துக்க மண்டபத்துச் சவப்பெட்டியில் அவள் கணவன் ரொடெலை வெறுங்காலோடுதான் கிடத்தியிருந்தார்கள். குடிபோதையில் பைக்கோடு கால்வாயில் விழுந்து செத்தவன். துக்கத்துக்குப் போனவர்கள் நேரே வீட்டுக்குப் போகக்கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். வழியில் எங்காவது நின்று ஒரு வாய் குடித்துவிட்டுப் போக வேண்டும். கூட வந்தது அங்கேயே தங்கிவிடும். லிகாயாவும் அதற்காகத்தான் இந்தக் கடையில் ஏறினாள். ஆனால் ரொடெல் உயிரோடு இருந்தபோதே, இதற்கு மேல் வராதே என்றால் நின்றவன் இல்லை.

அவனை வெளியே அனுப்பி அவள் பூட்டை மாற்றியிருந்தாள். பேத்தியைக் கொஞ்ச வந்த மாமியார் கொன்சிங், ஆணியில் தொங்கிய மாற்றுச் சாவியை எடுத்துப்போய் மகனிடம் கொடுத்தாள். அன்றிரவு முறிந்த இடது மணிக்கட்டு லிகாயாவுக்கு இன்னும் கோணலாகத்தான் இருக்கிறது. "ஆசை இருக்கப் போய்த்தானே தேடி வர்றான்? கொஞ்சம் பொறுத்துக்கடி. என் வீட்டுக் கதவு என் பிள்ளைக்கு எப்பவும் திறந்துதான் இருக்கும்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று சொன்னாள் மாமியார். இன்று சாயங்காலம், கால் வீங்குகிறதென்று வீட்டுக்குக் கிளம்பும் முன், அதே சாவியைப் பிணத்தின் கைக்குள் ஜெபமாலையோடு செருகினாள். "வீடு போய்ச் சேர வேணாமா என் பிள்ளை."

லிகாயா காப்பியைத் தொடாமல் எழுந்து, பைக்கோடு பக்கப்பெட்டி இணைத்த டிரைசைக்கிளில் ஏறினாள்.

மழை. ஊர் முழுக்க மின்சாரம் இல்லை. நனைந்த மண் வாசனைக்குள் கால்வாய்ச் சேற்றின் நாற்றமும் அவன் தலைக்குத் தடவும் வாசனை எண்ணெயும் கலந்து வந்தன. வண்டியின் தகரக் கூரையின் மேல், மழைச் சத்தத்துக்கு நடுவே, எதுவோ இரும்பால் மெல்லக் கீறிக்கொண்டே வந்தது.

"என்னம்மா, நீங்க ஒரு ஆள்தானே ஏறுனீங்க?" என்றார் ஓட்டுநர். "வண்டி நாலு மூட்டை ஏத்துன மாதிரி இழுக்குது."

தெரு முனை வந்தது. அவள் வீட்டு சன்னலில் மெழுகுவர்த்தி. உள்ளே மகள் மயுமி, ஆறு வயது, சித்தியின் மடியில் தூங்கிக்கொண்டிருப்பாள். அந்தக் கதவின் சாவி அவன் கையில் இருக்கிறது.

கீறல் நின்றது. இறங்கத் தயாராகிற மாதிரி.

"அண்ணே, திருப்புங்க! எங்க மாமியார் வீட்டுக்கு விடுங்க. நிக்காம போங்க!"

வண்டி திரும்பியது. கீறல் மறுபடி தொடங்கியது.

கொன்சிங் மெழுகுவர்த்தியோடு கதவைத் திறந்தாள். "இப்பதான் மாமியார் வீடு கண்ணுக்குத் தெரிஞ்சுதா மகாராணிக்கு?"

"ஒரு வாய் தண்ணி குடுங்க அத்தை."

முணுமுணுத்தபடி கொண்டுவந்து நீட்டினாள். லிகாயா வாசலில் நின்றே குடித்து முடித்து, குவளையை நிலைப்படிக்கு உள்ளே வைத்தாள்.

கிழவி குவளையைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள்.

"ஏய்... வழியில எங்கயும் நிக்காமயா வந்த?"

"நின்னேன் அத்தை. இங்கதான் நிக்கிறேன்."

கிழவி கதவைத் தள்ளினாள். அசையவில்லை. லிகாயாவின் தோளை உரசிக்கொண்டு குளிர்ச்சியாக ஒன்று உள்ளே போனது. தரையில் ஒரு ஈரப் பாதம். பிறகு இன்னொன்று.

கதவு மூடிக்கொண்டது. அந்தப் பூட்டுக்குப் பொருந்தாத சாவி, உள்ளே திரும்பியது.

"லிகாயா! கதவைத் திறடி! என் கண்ணுல்ல!"

லிகாயா சன்னலருகே போய், மெதுவாகத்தான் சொன்னாள்.

"ஆசையிலதானே வந்திருக்கான். கொஞ்சம் பொறுத்துக்குங்க அத்தை."

சன்னல் சட்டங்களின் இடையே கிழவியின் விரல்கள் வெளியே நீண்டு மரத்தை இறுகப் பற்றின. அவற்றின் மேல் வேறு விரல்கள் வந்து படிந்தன. சேறு படிந்தவை. நிதானமாக.

ஒவ்வொரு விரலாகப் பிரித்து, உள்ளே எடுத்துக்கொண்டன.