இன்னும் இருபதடி

இடது தோள்பட்டை விடிந்ததிலிருந்தே குடைந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு வருசமாகக் கிணற்று வேலைக்குப் போகாத தோள். எம்.ரெட்டியபட்டிக்கு மேற்கே தாவீதுராஜ் வாத்தியார் புதிதாக வாங்கிய காட்டில், தூர்ந்த கிணறு ஒன்றைத் தோண்ட வந்திருந்தான் லாரன்ஸ். எந்தக் கிணறு என்பது வந்து நின்ற பிறகுதான் தெரிந்தது. திரும்பிவிடலாம் என்றால், மண் சுமக்கப் பேச்சி கூடையோடு நின்றிருந்தாள்.

ஆழம் பார்க்கக் கல்லைப் போட்டான். சத்தம் வரவில்லை.

எண்பத்து நாலில் இதே கிணற்றின் அடியில் வெடிக்குத் திரி பற்றவைத்துவிட்டுக் கயிற்றில் ஏறியவன் பேச்சியின் புருசன் மொக்கையன். மேலே இழுத்தவன் லாரன்ஸ் ஒருவன்தான். பாறை சரிந்து மூடியதில் உடம்புகூடக் கிடைக்கவில்லை. கயிறு அறுந்துபோச்சு என்று ஊருக்குச் சொன்னவனும் அவன்தான்.

"கீழ நேரம் மெதுவா ஓடுது போல," கல் விழும் சத்தத்துக்குக் காது கொடுத்து நின்ற வாத்தியார் சிரித்தார். "வெளையாட்டில்ல லாரன்ஸு. பூமியச் சுத்துற செயற்கைக்கோள்ல கடிகாரம் வச்சிருக்கான். அவ்வளவு ஒசரத்துல பூமியோட இழுப்பு கம்மி, அதனால கடிகாரம் முந்தும். பறக்குற வேகத்துல கொஞ்சம் பிந்தவும் செய்யும். கழிச்சுப் பாத்தா, ஒரு நொடியப் பத்து லட்சமா நறுக்கி, அதுல முப்பத்தெட்டுத் துண்டு தெனமும் முந்துது. கீழ போகப் போக மெதுவு."

"அப்ப எம் புருசனுக்கு இன்னும் முப்பது வயசுதானா சார்? நாந்தான் கெழவியாகிட்டேனாக்கும்," என்றாள் பேச்சி.

"அவ்வளவுக்கெல்லாம் இல்லம்மா." வாத்தியார் தண்ணீர்க் குடம் எடுக்கப் போனார்.

உச்சி வெயிலில் கருவேல மரத்தின் இலைகூட அசையாமல் நிற்க, கிணற்று வாயிலிருந்து ஈரப் பாறையின் வாடையும், அதன் பின்னால் பீடிப் புகையும், அதற்கும் பின்னால் கருமருந்துத் திரி கருகும் நெடியும் ஒவ்வொன்றாக ஏறி வந்து அவன் தொண்டையில் உட்கார்ந்தன. துருவேறி இறுகிப்போன பழைய உருளை கிறீச்சிட்டது. அதில் கயிறே கிடையாது.

மறுபடி கிறீச்.

அப்போதுதான் அவன் போட்ட கல் அடியில் விழுந்தது.

"ஆத்தீ! எவன்லே கல்லப் போடுறது? ஏலே லாரன்சு, திரி சீறுதுலே. ஏன்லே நிறுத்திட்ட? இழு!"

கிணற்றுக்குள்ளிருந்து வந்த குரலில் பேச்சியின் கூடை உருண்டது.

உள்ளங்கை எரிந்தது. குனிந்து பார்த்தான். காலடியில் தும்புக்கயிறு. அன்று அறுபதடியில் இழுத்துச் சேர்த்த நாற்பதடியும் சுருளாக. ஒரு முனை உருளை வழியாகக் கிணற்றுக்குள் விறைத்து நின்றது. சுருள் மெல்ல அவிழ்ந்தது. ஒரு விரற்கடை. இன்னொரு விரற்கடை.

பேச்சி கயிற்றைத் தடவிக்கொண்டே உருளைவரை போனாள். எட்டி உள்ளே பார்த்தாள். திரும்பினாள்.

"எங்கயும் அறுபடலையேண்ணே."

பிடிக்க வேண்டும். கை மூடவில்லை. அன்றும் மூடவில்லை. திரிச் சத்தத்துக்குப் பயந்து விரித்த விரல்கள்.

கீழே சீறல். இன்னும் அணையாத சீறல்.

மொக்கையனுக்கு லாரன்ஸ் இழுத்துத் தர வேண்டிய பாக்கி, இருபதடி.