சமனியும் மக்ரூனும்

செல்வினின் கைத்தோலுக்கடியில் பொருத்தியிருந்த சமனிக் கருவி மறுபடி அதிர்ந்தது. சர்க்கரை ஏறுகிறது. இன்று பார்த்தா ஏற வேண்டும்? தூத்துக்குடித் துறைமுகத்துக் கிரேன் கூண்டில் அவன் தொடர்ந்து உட்காரலாமா என்பதை டாக்டர் நஸ்ரின் இன்னும் சற்று நேரத்தில் சொல்லிவிடுவார். காத்திருப்பு அறையில் அவன் உட்காருவதும் எழுவதுமாக இருந்தான். மனைவி ஜெனிட்டா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேறு யாருக்கும் கேட்காத குரலொன்று முன்பு அவனை ஓயாமல் மிரட்டியது. மருந்து அதன் வாயை அடைத்தது. ஆனால் அதே மருந்து பசியைக் கிளப்பும்; இன்சுலின் வந்து தட்டினாலும் உடலின் செல்கள் எளிதில் கதவைத் திறக்காதபடி செய்யும். உள்ளே போக வேண்டிய சர்க்கரை இரத்தத்திலேயே சுற்றும். இந்த இழுபறியைத் தீர்க்க வந்ததுதான் சமனி. சர்க்கரை ஏறினால் மருந்தின் சொட்டைக் குறைக்கும், இறங்கினால் கூட்டும். அதைப் பொருத்திய பிறகுதான் செல்வின் கூண்டுக்குத் திரும்பினான்.

இருவரையும் உள்ளே அழைத்தார்கள்.

“குரல் கேக்குதா?” என்றார் நஸ்ரின்.

“அந்த மிரட்டல் அடியோட நின்னுபோச்சு டாக்டர்.”

“அப்புறம் சர்க்கரை ஏன் இப்படி ஏறுது?”

செல்வின் சிரித்தான். “எல்லாம் இவளாலதான். விடிஞ்சாப் போதும், ‘ஒரு மக்ரூன் சாப்பிடு ராசா’ம்பா. மாட்டேன்னு எப்படிச் சொல்ல?”

ஜெனிட்டா திரும்பினாள். “நானா? சமனி வச்ச நாள்லேர்ந்து வீட்டுல இனிப்பே வாங்கலயே. நீங்கல்லா கடையில நின்னு தின்னுட்டு வாரீய.”

நஸ்ரின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “மிரட்டுற குரல் வந்தா சாப்பாடு இறங்காது. சர்க்கரை குறையும், சமனி மருந்தைக் கூட்டும், அந்தக் குரல் அடங்கிடும். தின்னச் சொல்ற குரல் வந்தா? சர்க்கரை ஏறும், மருந்து குறையும், அது பிழைச்சுக்கும். எந்தக் குரல் பிழைக்கணும்னு சமனியே பொறுக்கி எடுத்திருக்கு.”

கண்ணாடிக்கு அப்பால் தங்கள் முறைக்காகக் காத்திருந்த சமனிக்காரர்களில் பலர் எதையோ மென்றுகொண்டிருந்தார்கள்.

“இப்போதைக்குக் கூண்டு வேண்டாம் செல்வின். மருந்தைப் பழைய அளவுக்கு ஏத்திடுறேன். சர்க்கரைக்குத் தனியா வழி பார்ப்போம்.”

வேலை போனது அவன் மனதில் இன்னும் ஏறவில்லை. ஜெனிட்டாவையே பார்த்தான்.

“ஒரு தடவைகூட நீ என்னய ராசான்னு கூப்பிடலயா?”

அவள் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். மருந்தைக் கூட்ட நஸ்ரினின் விரல் திரையை நெருங்கியது.

“கொஞ்சம் பொறுங்க டாக்டர்,” என்றான் செல்வின்.