சாய்ந்து உட்காருகிறவள்

டத்தோ கிராமாட் சாலையில் அன்று காலை மழை சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. பசியாறக் கிளம்பிய அதிரா, மூடிக்கிடந்த ஒரு கடையின் முன்னால், கூரை போட்ட நடைபாதையான அஞ்சடியில் ஒதுங்கினாள். அவள் துப்பட்டாவைப் பிழிந்து முடிப்பதற்குள் அதே அஞ்சடிக்கு ஒரு நாய் ஓடி வந்தது. நாயின் பின்னால் ஒருவனும் வந்தான்.

நாய் கொழுகொழுவென்று இருந்தது. அவன் நெடுநெடுவென்று இருந்தான். மழைநீர் அவன் இமைகளில் கோத்து நின்றது... ஆம்பிளைக்கு எதற்கு இவ்வளவு நீள இமை என்று அதிராவுக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு யோசனை ஓடியது. அவனுடைய இடது கையில் ஹென்போன். வலது கையில் சுருக்கிப் பிடித்த நாய்க்கயிறு.

நாய் நேராக அவளிடம் வந்து கால்சட்டையை முகர்ந்தது. நேற்றைய குதிரை வாசம் இன்னும் போகவில்லை போலும்.

“தொடாதீங்க மிஸ்... கோப்பி கடிச்சாலும் கடிக்கும்.”

அவள் ஏற்கனவே தொட்டுவிட்டிருந்தாள். அவள் விரல்கள் யாரையும் கேட்பதில்லை. கழுத்தில் இறங்கி, இடது தோளில் போய் நின்றன. அங்கே கல் மாதிரி ஒரு இறுக்கம்! கட்டைவிரலை வைத்து மெல்ல அழுத்தியதும், கடிக்கும் என்று பெயர் வாங்கிய கோப்பி பெருமூச்சு விட்டு அவள் செருப்பின் மேலேயே படுத்துக்கொண்டது.

“நொண்டுதா?” என்றாள்.

“மூனு மாசமா. டாக்டர் எக்ஸ்ரே எல்லாம் எடுத்துட்டாரு, எலும்புல ஒன்னும் இல்ல. வயசாயிடுச்சு போலன்னு நெனச்சேன்...”

“வயசு இல்லலா. உங்களால.”

“என்னாலயா?”

“கயித்த எப்பவும் வலது கைல சுருக்கிப் புடிக்கிறீங்க. கண்ணு ஹென்போன்ல. பாவம், அது கழுத்த ஒரு பக்கமா திருப்பிக்கிட்டே நடக்குது. பாரம் பூரா இந்தத் தோள்லதான் விழுது.”

அவன் முகம் சிவந்தது. “நீங்க என்ன டாக்டரா?”

“இல்ல. மசாஜ் பண்றவ.” அவன் புருவம் உயர்ந்ததைப் பார்த்து அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். “குதிரைக்கும் நாய்க்கும்!”

அவன் சிரித்துவிட்டான். அஞ்சடியே அதிரும்படி ஒரு சிரிப்பு. “குதிரைக்கு மசாஜா? அப்புறம் என்ன, பூனைக்கு பேஷியலா?”

சுருக்கென்றது அதிராவுக்கு. லாயத்தில் வேலை பார்த்த அப்பா அவளை ஏழு வயதில் குதிரை மேல் ஏற்றிவிட்டார். அதன்பின் இருபத்து நாலு வருஷம் அவள் இறங்கவே இல்லை என்று சொல்லலாம். இறங்கிய பிறகு இரண்டு வருஷமாக இதுதான் அவள் தொழில். அதைப் பார்த்து ஒரு நனைந்த நெட்டைக்கொக்கு சிரிக்கிறது!

“மழ விட்டுடுச்சு” என்றாள். விடவில்லை. ஆனாலும் அவன் ரோஷமாக இறங்கி நடந்தான். அவள் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தாள்... பார்த்தாள். சாலையைக் கடந்ததும் அவன் ஹென்போனைப் பைக்குள் போட்டு, கயிற்றை இடது கைக்கு மாற்றித் தளர்த்திப் பிடித்தான்.

ஒன்பதாம் நாள், ஆயர் ஈத்தாம் மலையடியில் அதிரா வேலை செய்யும் காமாரியா அக்காவின் குதிரை லாயத்து வாசலில் அவனும் கோப்பியும் நின்றார்கள். இந்தத் தீவில் குதிரைக்கு மசாஜ் பண்ணும் தமிழ்ப்பெண் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்? கண்டுபிடிப்பது ஒன்றும் கஷ்டமாக இல்லையாம்.

“சிவநேசன்” என்றான். “பிறையில பேக்டரி. மிஷின் எல்லாம் நேரா ஓடுதான்னு பாக்குறதுதான் என் வேல. ஒரு ஷாப்ட் மயிரிழ சாஞ்சாலும் ஷாப்ட்டுக்கு ஒன்னும் ஆவாது, அந்தப் பக்கம் இருக்கிற பேரிங்தான் தேயும். இத நான் தெனம் பத்து பேருக்குச் சொல்றேன்... நீங்க சொன்னப்ப மட்டும் கோவம் வந்துடுச்சு.”

“மன்னிப்பா இது?”

“அதான்னு வச்சுக்குங்களேன்.”

“பூனை பேஷியல்?”

“அதுக்குத் தனியா கேக்கணுமா?”

“கேக்கணும்.”

கேட்டான். காதைப் பிடித்துக்கொண்டு கேட்டான். அதிரா சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள், முடியவில்லை.

அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தார்கள். கோப்பியின் தோள் வாரா வாரம் இளகியது. அது முடிந்ததும் அவன் கிளம்ப மாட்டான். லாயத்துத் தடுப்பில் சாய்ந்தபடி, அவள் குதிரைகளுக்குச் செய்வதைப் பார்ப்பான். வயதான ஒரு குதிரை, அவள் விரல் பட்ட இடத்தில் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டபோது, “என்ன, போரடிக்குதாமா?” என்றான்.

“வலி எறங்குச்சுன்னா அப்படித்தான் கொட்டாவி விடும்.”

“எங்க மேனேஜர் மீட்டிங்ல எனக்கும் அப்படித்தான்... வலி எறங்கித்தான் விடுறேன் போல.”

இப்படியே ஆறு சனிக்கிழமைகள். வெள்ளிக்கிழமை ராத்திரியே நல்ல சட்டை தேடுகிற அளவுக்கு அதிரா வந்துவிட்டிருந்தாள். குதிரை எச்சில் படப்போகிற சட்டைக்கு இஸ்திரி வேறு!

ஏழாவது சனிக்கிழமை அவன் கயிற்றை முறுக்கிக்கொண்டே கேட்டான். “அம்மாகிட்ட உங்களப் பத்திச் சொல்லலாம்னு இருக்கேன்... சொல்லலாமா?”

அவள் நெஞ்சு ‘சொல்லுங்க’ என்று துள்ளியது. வாய், “வேணாம்” என்றது.

“ஏன்? அன்னைக்கு சிரிச்சேனே, அதுக்கா?”

அவள் குதிரையின் பிடரியையே வாரிக்கொண்டிருந்தாள்.

“சரி... தாப்பா, பரவால்ல.” அவன் கோப்பியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

“நல்ல பையன்லா, அதிரா” என்றாள் காமாரியா அக்கா, தீவன வாளியைத் தொப்பென்று வைத்து. “புடிக்கலன்னா சொல்லிடு. புடிச்சிருக்குன்னா காரணத்தையாச்சும் சொல்லு. ரெண்டும் இல்லாம அவன அப்படி விட்டா எப்படி?”

அக்கா திட்டினால் உறைக்கும். அன்றே அதிரா ஹென்போனை எடுத்தாள். மூன்று தரம் அழித்து எழுதினாள். ‘நீங்க நெனைக்கிற காரணம் இல்ல. வந்தா சொல்றேன்.’

ஒரு மணி நேரத்தில் அவன் காடி வாசலில் நின்றது. பேக்டரி சட்டையோடு காரை விட்டு இறங்கினான். பிறையிலிருந்து தீவுக்கு வரும் பாலத்தில் எப்படி ஓட்டினானோ...

“கோப்பி?”

“வீட்டுல. இன்னைக்கு நோயாளி நான்தான்.”

அவள் அவனை லாயத்தின் பின்பக்கப் பெஞ்சுக்குக் கூட்டிப்போனாள். வேலிக்கு அப்பால் சாம்பல் நிறத்தில் ஒரு கிழட்டுப் பெண்குதிரை மேய்ந்துகொண்டிருந்தது.

“அது மல்லி. என் குதிரை. எட்டு வருஷத்துக்கு முன்னால நான் வேற ஒரு குதிரையிலேர்ந்து விழுந்து இடுப்பு ஒடஞ்சுது. எலும்பு கூடிச்சு, ஆனா நேரா கூடல. அது எனக்குத் தெரியாது. ஆறு வருஷம் மல்லி மேலதான் உக்காந்தேன். சேணம் போடப் போனாலே காத மடக்கும். திமிருன்னு திட்டுவேன்...” அவள் வேலிப் பக்கம் பார்த்தபடியே தொடர்ந்தாள். “மசாஜ் படிக்கிறப்போ, கை பழகறதுக்கு அது முதுகத் தொட்டேன். வலது பக்கம் பூரா பலகை மாதிரி இறுகிக் கெடந்துச்சு. எங்க டீச்சர் குதிரையப் பாத்தாங்க, அப்புறம் என்னை நடக்கச் சொல்லிப் பாத்தாங்க. என் பாரம் பூரா அந்தப் பக்கமே விழுந்திருக்குன்னாங்க. அவ்வளவுதான். அன்னைக்கு எறங்கினவ, அப்புறம் ஏறல.”

அவன் பெஞ்சில் அவள் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தான்.

“நான் சாஞ்சுதான் உக்காருவேன், சிவா. எனக்கே தெரியாம. ரொம்பப் பிரியமா இருந்தது மேலதான் அப்படி உக்காந்தேன். ஆறு வருஷம்... ஒரு வார்த்த சொல்லாம அது சுமந்துச்சு. இன்னொரு உயிர அப்படிச் சுமக்க வைக்க எனக்குப் பயமா இருக்கு.”

முதல் தடவையாக அவள் ‘சிவா’ என்று கூப்பிட்டதை அவன் கவனித்தானோ என்னவோ. மல்லியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

“நான் குதிரை இல்லியே” என்றான். “எனக்கு வாய் இருக்குலா. வலிச்சா சொல்லுவேன்.”

“சொல்ல மாட்டீங்க. எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்வாங்க. அப்புறம் பாவம் பாத்து மறைப்பாங்க.”

“சாஞ்சு பாருங்க.”

“என்ன?”

“தோள்ல. சும்மா பாருங்களேன்.”

வெட்கம் காதுமடல் வரை ஏறியது. இருந்தாலும் மெல்லச் சாய்ந்தாள். அவன் சட்டையில் இயந்திர எண்ணெய் வாசம். அது அவளுக்குப் பிடித்திருந்தது. அப்படியே கண்ணை மூடிக்கொண்டாள்.

“எனக்கு உங்களப் புடிச்சிருக்கு” என்றாள், மூடிய கண்ணோடு. “அந்த அஞ்சடியில, கயித்த கை மாத்துனீங்களே... அப்பவே.”

அவன் தோள் மெல்ல நெளிந்தது. அவள் பயந்து கண் திறக்கப்போன நேரம், அவன் தொண்டையைச் செருமினான்.

“அதிரா... கோவிச்சுக்காதீங்க. கொஞ்சம் தள்ளிச் சாயுங்க. உங்க தோடு குத்துது.”

அவள் விருட்டென்று நிமிர்ந்தாள். அவன் தோளைத் தேய்த்துக்கொண்டு, நிஜமாகவே முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தான். அதிராவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. தோட்டைக் கழற்றி அவன் கையில் வைத்தாள்.

“அம்மாகிட்ட சொல்லுங்க” என்று சொல்லி, மறுபடியும் சாய்ந்துகொண்டாள்.