தன்வாய்ச் சட்டம்

காலையில் பேச்சறையைத் திறந்து ஒலிவாங்கியைத் துடைத்து வைத்துவிட்டால், அது ஓடுகிற நேரமெல்லாம் சுடலைமணி வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் அவன் உத்தியோகம். உவரி நிதிக்கூடத்தில் அவன் ‘கேட்புநர்’, அங்கே நடக்கிற பேச்சுக்குச் சாட்சி. விட்டால் ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் அளக்கிற மனுசனைப் பிடித்து இந்த நாற்காலியில் உட்கார வைத்தவர்களுக்கு அவன்மேல் என்ன வயிற்றெரிச்சலோ.

அன்று முதலில் வந்தவர் டீக்கடை மிக்கேல். குளிர்பெட்டி வாங்கக் கடன் கேட்டிருந்தார். கடனைப் பற்றி நிறுவனத்தின் இயந்திரக் குரல் விளக்கியது. கேட்டு முடித்ததும், தனக்குப் புரிந்ததை அவர் தன் பேச்சில் திருப்பிச் சொன்னார்.

“மழைக்குக் கடை அடைச்ச மாசம் தவணை கெடையாது. அதைச் சாக்கா வச்சு வட்டிக்கு வட்டி போடக் கூடாது. அம்புட்டுதானே?”

“ஒத்துக்கொள்கிறோம்,” என்றது குரல்.

இனி மிக்கேல் சொன்னதுதான் ஒப்பந்தம். நிறுவனம் ஒத்துக்கொள்ளாவிட்டால் முதலிலிருந்து மறுபடி விளக்க வேண்டும். பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக நீட்டி, இல்லாதப்பட்டவர் தலையில் மிளகாய் அரைத்த காலத்துக்கு முடிவு கட்டத்தான் தன்வாய்ச் சட்டம் வந்தது. யாரும் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அந்தப் பேச்சு செல்லாது, கேட்புநருக்கு வேலையும் போய்விடும்.

அடுத்து கித்தேரி உள்ளே வந்தாள். ஏற்கெனவே இரண்டு தடவை வந்து வெறுங்கையோடு போனவள் அவள்.

அவள் புருஷன் தொம்மை, நடுக்கடலில் நிற்கிற காற்றாலைகளைப் பழுதுபார்க்கப் போகிறவன். ஐப்பசிப் புயலில் படகு கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் கரையேறினார்கள், அவன் ஏறவில்லை. உடலும் ஒதுங்கவில்லை. முன்பெல்லாம் உடல் கிடைக்காவிட்டால் வருஷக்கணக்கில் காத்துக் கிடந்த பிறகுதான் காப்பீட்டுப் பணத்தைப் பற்றிப் பேசவே முடியும். ஆனால் காப்பீடு எடுத்த அன்று கித்தேரி தன் வாயால் சொன்னது இப்படி: “அவிய கடலுக்குப் போயி வராமலே போயிட்டா, எனக்கும் எம் மவளுக்கும் மாசாமாசம் குடுக்கணும்.” நிறுவனமும் ஒத்துக்கொண்டது. இப்போது பணம் தயார். நடந்ததையும் அவள் தன் வாயால் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

“என்ன நடந்தது, அம்மா?” நிறுவனத்தின் குரல் தணிவாகத்தான் கேட்டது.

“கடலுக்குப் போயிருக்காவ,” என்றாள் கித்தேரி. “வந்துருவாவ.”

“இழப்பு பதிவாகவில்லை, அம்மா.”

அவளுடைய மகள் ஜெனோவா நர்சிங் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு இறால் உரிக்கப் போய்க்கொண்டிருக்கிறாள். இந்த வாரத்துக்குள் கட்டணம் கட்டாவிட்டால் கல்லூரி அவள் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடும். இது கித்தேரிக்குத் தெரியாததில்லை. தெரிந்துதான் மறுபடியும் வந்திருக்கிறாள்.

“அண்ணாச்சி, எனக்குப் பதிலா நீங்க ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?” அவள் சுடலைமணியின் பக்கம் திரும்பினாள். “நான் சொல்லி, அதனாலேயே அது நெசமாயிட்டா?”

அவன் முடியாது என்று தலையை மட்டும் ஆட்டினான். நாக்கு துறுதுறுத்தது. ஏமாற்றுக்காரன் வாயை அடைக்க வந்த சட்டம் இப்படி இரக்கப்பட்டவன் வாயையும் சேர்த்து அடைக்கிறதே, பாழாய்ப்போன சட்டம் என்று மனசுக்குள் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தான் வாய் திறந்தால் தயாராக இருக்கிற பணமும் அவளுக்குக் கிடைக்காமல் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கித்தேரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒலிவாங்கியிடம் கேட்டாள்.

“நான் சொன்ன பெறவு அவிய வந்து நின்னா?”

“வந்தால் எங்களுக்கும் சந்தோஷம், அம்மா. கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கமாட்டோம்.”

“பணத்தக் கேக்கலய்யா. அவிய மொகத்துல எப்பிடி முழிப்பேன்னு கேக்கேன்.”

அந்தக் கேள்விக்கு விளக்கம் எழுதி வைத்தவர்கள் யாரும் இல்லை.

அவள் ஒலிவாங்கியை நெருங்கி, பக்கத்தில் தூங்குகிற யாரையோ எழுப்பிவிடப் பயந்தவள் மாதிரிச் சொன்னாள்.

“அவிய வரல. இனிமே வரமாட்டாவ.”

“பதிவாயிற்று, அம்மா. நாளைக்கே முதல் மாதப் பணம் வந்துவிடும்.”

ஒலிவாங்கி அணைந்தது. இனி சுடலைமணி பேசலாம். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று எழுந்தவள், கதவுவரை போய்த் திரும்பி வந்து, அவன் மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

“அண்ணாச்சி, நான் இப்பிடிச் சொன்னேன்னு வெளிய யார்ட்டயும் சொல்லிறாதீய. அவிய காதுக்குப் போனா வருத்தப்படுவாவ.”

“சொல்லமாட்டேன், தாயி,” என்றான் சுடலைமணி.