மாமா கையில் வால்தர்

அந்தப் பத்து வயதுப் பெண்ணை வீட்டில் எல்லாரும் கழுகு என்றுதான் கூப்பிடுவார்கள்; அவ்வளவு கூர்மையான கண். படத்தில் யாராவது துப்பாக்கியை எடுத்தால் போதும்.

"லூகர்! சுடும்போது மேல முழங்கால் மாதிரி மடங்குது பாருங்க!" என்று கத்துவாள். "இது மவுசர்! கைப்பிடி துடைப்பக்கட்டை மாதிரியே இருக்கு!"

பழைய போர்க்காலக் கைத்துப்பாக்கிகள் என்றால் அவளுக்கு உயிர். படத்தில் தவறான துப்பாக்கி வந்துவிட்டாலோ, கேட்கவே வேண்டாம். அப்புறம் யாரும் நிம்மதியாகப் படம் பார்க்க முடியாது.

அவளுடைய மாமா லிஃப்ட் பழுது பார்ப்பவர். விடுமுறை நாட்களில் தொலைக்காட்சித் தொடர்களில் நடிப்பார். அதுவரை அவருக்குக் கிடைத்ததெல்லாம் பிண வேடம்தான்.

ஒருநாள் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"அக்கா, இந்தத் தடவை உயிரோட வர்றேன்! முதல் உலகப் போர்க் கதை. நான்தான் கேப்டன்!"

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கழுகுக்கோ வேறு கவலை. தலை சீவும் பிரஷ்ஷை அவர் கையில் கொடுத்து, பயிற்சியைத் தொடங்கிவிட்டாள்.

"விசையில விரல் வைக்காதீங்க மாமா. சுடப் போறப்பதான் வைக்கணும்."

"சரிங்க டீச்சர்!"

தொடர் ஒளிபரப்பான மாலை, எல்லாரும் சோபாவில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். மாமா மட்டும் கதவோரம் நின்றார். நன்றாக இல்லையென்றால் அப்படியே ஓடிவிடலாம் அல்லவா!

திரையில் மாமா வந்தார். எதிரே, நடுங்கிக்கொண்டிருந்த ஓர் இளம் கைதி. மாமா துப்பாக்கியை நீட்டினார்.

கழுகு வாயைத் திறந்தாள். வால்தர் பி-38! அந்தப் போர் முடிந்து இருபது வருடம் கழித்து வந்த துப்பாக்கி அது!

கத்துவதற்காகத் திரும்பினாள். கதவோரம் மாமா திரைச்சீலையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். வசனத்தோடு சேர்ந்து அவருடைய உதடுகளும் அசைந்தன.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"ஏய், அந்தத் துப்பாக்கி..." என்று அண்ணன் ஆரம்பித்தான். அவன் வாயையும் சேர்த்துப் பொத்தினாள்.

திரையில் மாமாவின் கை மெல்லக் கீழே இறங்கியது.

"போடா. உங்கம்மா காத்துக்கிட்டு இருப்பாங்க."

கைதி நம்ப முடியாமல் பார்த்தான். பிறகு ஓடினான். அவன் போன திசையையே பார்த்துக்கொண்டு மாமா நின்றார். கழுகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

காட்சி முடிந்தது. அம்மா மூக்கை உறிஞ்சினாள்.

மாமா கழுகைப் பார்த்தார். "என்ன, ஒண்ணுமே சொல்லல? துப்பாக்கி சரிதானா?"

பொய் சொன்னால் அவர் கண்டுபிடித்துவிடுவார். உண்மையை எப்படிச் சொல்வது? கழுகு கொஞ்சம் யோசித்தாள்.

"துப்பாக்கி தப்பு மாமா. அப்ப அது வரவே இல்ல. ஆனா நீங்க அதைக் கீழ இறக்கினீங்க பாருங்க, எனக்கு அழுகையே வந்துடுச்சு. இதுவரைக்கும் எந்தப் படத்துலயும் எனக்கு இப்படி ஆனதில்ல."

மாமா கதவை விட்டு வந்து, அவள் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நிஜமாவா?"

"நிஜமா! அம்மா, பதிவு பண்ணினதை இன்னொரு தடவை போடுங்க."

அம்மா மறுபடியும் போட்டாள். அண்ணன் கழுகின் காதருகே குனிந்தான். "அந்தத் துப்பாக்கில எத்தனை குண்டு..."

"ஷ்ஷ்!" என்றாள் கழுகு. "மாமா வர்றாரு!"