ஞாயிற்றுக்கிழமை லீவு எடுத்த திருடன்

தையற்காரர் வந்து கதவைத் தட்டியபோது, ஓட்டுநர் சோபாவுக்கு அடியில் குப்புறக் கிடந்தார். காணாமல் போன தன் இடது செருப்பைத் துப்பறிந்துகொண்டிருந்தார். முப்பத்திரண்டு வருஷம் பேருந்து ஓட்டியவர். நிலாவுக்குப் பத்துத் தடவை போய்வரும் தூரம் ஓட்டியதாக அவரே கணக்குப் போட்டிருந்தார். ஓய்வு பெற்றதும், மனைவிக்குத் துணைத் துப்பறிவாளர் என்றொரு பதவியை உண்டாக்கி, தாமே மனுப்போட்டு, தாமே தேர்வாகிவிட்டார்.

மனைவி தொலைபேசி அலுவலகத்தில் புகார் பிரிவில் இருந்தவர். கத்துகிறவர், அழுகிறவர், சாபம் விடுகிறவர் எல்லாருக்கும் அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: “சொல்லுங்க, கேட்டுக்கறேன்.” ஓய்வுக்குப் பிறகு தெருக்காரர்கள் தீராத புதிர்களைக் கொண்டுவந்தபோதும் அதே பதில்தான். அதுவே பெயராகி, கேட்டுக்கறேன் அம்மா ஆகிவிட்டார்.

தையற்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மூக்கில் தடித்த கண்ணாடி, விரலெல்லாம் நீலச் சுண்ணாம்புக்கட்டித் தூள். “மணி என்னங்க ஆகுது?” என்றார். எதிர்ச் சுவரில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு கடிகாரம் தொங்கியது. ஓட்டுநர் ஏழரை என்றார். அம்மா ஒரு கணம் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு தையற்காரரின் கண்ணாடியைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். தையல் கடைக்குத் தொலைக்காட்சி வாங்கியபோது, உடற்பயிற்சி கற்றுத்தரும் சேவையொன்று ஒரு மாதம் இலவசம் என்று ஒட்டிக்கொண்டு வந்தது. இலவசம் முடிந்ததும் அது மாதாமாதம் வங்கிக் கணக்கில் வாயை வைத்தது. தையற்காரர் கைபேசியில் அதை ரத்து செய்தார். மறுநாளே ‘மீண்டும் இணைந்ததற்கு நன்றி’ என்று குறுஞ்செய்தி. மறுபடி ரத்து, மறுபடி நன்றி. மூன்று தடவை வெட்டியும் முளைத்துவிட்டது.

“வேற யாரும்மா? என் மாப்பிள்ளைதான். டிவியை மாட்டினதே அவர்தான். இரகசிய எண்ணும் அவர் போட்டதுதான். நாலு எண்ணை அழுத்தறதுக்குள்ள நான் ஒரு காலரே வெட்டிடுவேன்னு சொன்னேன், அதையும் எடுத்து விட்டுட்டார். வீட்ல உட்கார்ந்து என் காசுல உடம்ப வளர்க்கிறார்னு முகத்துக்கு நேராவே கேட்டுட்டேன்.”

அதன் பலன், மகள் மூன்று மாதமாக வாசலை மிதிக்கவில்லை. மாப்பிள்ளைக்கு வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாமான்களை ஏற்றுகிறார்கள். சொல்லாமலே போய்விடுவார்கள் போலிருக்கிறது. தையற்காரருக்கு ஆதாரம் வேண்டுமாம். கேட்டது ஆதாரம்தான், ஆனால் குரல் வேறெதையோ கேட்டது.

தடயம் கலையக்கூடாதென்று ரிமோட்டைத் துணியில் பொதிந்து கொண்டுவந்திருந்தார். ஓட்டுநர் அதன்மேல் முகப்பவுடரைக் கொட்டிக் கைரேகை எடுக்கப் பாய்ந்தார். அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே ரிமோட்டைப் பார்த்தார். பொத்தான்கள் எல்லாம் புதுக்கருக்கு அழியாமல் இருந்தன. நடுவில் இருந்த ஒன்று மட்டும் நீலம் பூத்திருந்தது.

பிறகு குறுஞ்செய்திகளை வாங்கிப் படித்தார். முதல் தடவை செவ்வாய் இரவு ரத்து, புதன் காலை ஒன்பது நாலுக்கு நன்றி. இரண்டாவது வியாழன் இரவு, வெள்ளி ஒன்பது ஆறு. மூன்றாவது சனி இரவு ரத்து, ஞாயிறு ஒன்றுமில்லை, திங்கள் ஒன்பது ஐந்துக்கு நன்றி.

“உங்க கடைக்கு என்னிக்கு லீவு?”

“ஞாயிறு. மத்த நாள் ஒம்போதுக்குத் திறப்பேன். பொத்தான் தைக்கிற அக்கா பத்துக்குத்தான் வரும்.”

அம்மா தலையாட்டினார். அங்கேயே நான்காம் தடவையாக ரத்து செய்யச் சொன்னார். நாளைக் காலை கடைக்கு மகளும் மாப்பிள்ளையும் வரவேண்டும் என்றும், அவர்களைத் தாமே கூப்பிடுவதாகவும் சொன்னார். தையற்காரர் போனதும் ஓட்டுநர் தம் முடிவை அறிவித்தார்: இது குறைந்தது ஏழு நாட்டுக் கும்பலின் வேலை. தட்டில் கடைசி பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு அம்மா கேட்டார். “ஏங்க, ஏழு நாட்டுக் கும்பலும் ஞாயித்துக்கிழமை கடைக்கு லீவு விடுமா?”

மறுநாள் ஒன்பதுக்குக் கடைவாசலில் பெரிய கூட்டம். ஓட்டுநர் கணக்கில் நூறு பேர், எண்ணினால் ஐந்து. மகள் தந்தையைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தாள். மாப்பிள்ளை கைகட்டி நின்றார். அம்மா எல்லாரையும் சுவரோரம் நிறுத்தி, யாரும் பேசக்கூடாது என்றார். தையற்காரரிடம், “நீங்க தினம் கடை திறக்கிற மாதிரியே திறங்க” என்றார்.

அவர் இரும்புக் கதவை உருட்டி ஏற்றினார். விளக்கைப் போட்டார். குண்டூசிகளை உதட்டில் செருகிக்கொண்டார். நீலக்கட்டியைக் கையில் எடுத்தார். பாட்டுக் கேட்காமல் அவருக்குக் கத்தரி நகராது, தொலைக்காட்சியைப் போட்டார். திரையில் கொட்டை எழுத்தில் வந்தது: ‘உங்கள் உடற்பயிற்சிச் சேவை முடிந்துவிட்டது. தொடரலாமா?’ அவர் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நீலக் கட்டைவிரலால் நடுப்பொத்தானை டக் டக்கென்று இரண்டு அழுத்து அழுத்தினார். பாட்டு வந்தது. சட்டைப்பைக்குள் கைபேசி ‘டிங்’ என்றது.

மணி ஒன்பது ஐந்து.

“அந்தக் கண்ணாடி ஊசிக் காதுக்குப் போட்டது,” என்றார் அம்மா, குரலை உயர்த்தாமல். “பத்தடி தள்ளி இருக்கிறதெல்லாம் உங்களுக்குப் பனிமூட்டம். எங்க வீட்டுக் கடிகாரமே தெரியல. ராத்திரி கைபேசியைக் கண்ணுகிட்ட வெச்சு ரத்து பண்றீங்க. காலையில பாட்டு வரணும்னு, எது கேட்டாலும் சரின்னு அழுத்தறீங்க. இரகசிய எண்ணும் இல்ல, அதனால தடுக்க ஆளில்ல. திருடன் கடைக்குச் சாவி வெச்சிருக்கிறவன், பத்து மணிக்கு முன்னால வர்றவன், ஞாயிறு வராதவன்.”

தையற்காரர் உதட்டிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். ஓட்டுநர் ஏழு நாட்டுக் கும்பலையும் அப்போதே விடுதலை செய்தார்.

மாப்பிள்ளைதான் அசைந்தார். ரிமோட்டை வாங்கி, சேவையை ரத்து செய்து, அதில் பதிந்திருந்த வங்கி அட்டை எண்ணையும் அழித்தார். “இனி இது என்ன கேட்டாலும் நீங்க சரின்னு சொல்லலாம் மாமா. எடுக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல.”

மூலையில், மாப்பிள்ளைக்குத் தைக்க ஆரம்பித்துப் பொத்தானில்லாமல் நின்றுபோன சட்டையொன்று மூன்று மாதமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தையற்காரர் அதை எடுத்துவந்தார். மன்னிப்பு என்ற சொல் அவர் தொண்டைவரை வந்தது. வெளியே வந்தது வேறு.

“கையைத் தூக்குங்க மாப்பிள்ளை.” அளவுநாடா மார்பைச் சுற்றியது. எண்ணைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்தார். “ரெண்டு இஞ்ச் எளச்சிருக்கீங்களே.”

“மூணு மாசமா உங்க வீட்டுச் சாப்பாடு இல்லியே, மாமா.”

தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் திரும்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பொத்தான் டப்பாவைத் திறந்து, அந்தச் சட்டைக்குப் பொருந்தும் ஏழு பொத்தான்களைப் பொறுக்க ஆரம்பித்தாள்.